படம் எடுத்தவன்

"பெரியப்பா, அப்பாவோட சாம்பல் இன்னும் மரத்துலதான் தொங்குது. நீங்க ரெண்டு பேரும் எப்ப வரப்போறீங்க?"

2024 காணும் பொங்கலுக்கு மறுநாள் காலையில் இந்த அழைப்பு வந்தது. பேசியவள் என் நண்பனின் மகள். 'நீங்க ரெண்டு பேரும்' என்றாளே, அந்த இரண்டாம் ஆள் யார் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது. தெரிந்ததும் கையிலிருந்த டம்ளரை வைத்துவிட்டு வாசலுக்கு வந்து நின்றுகொண்டேன்.

அவன் போனது 2023 நவம்பர் கடைசியில். சிறுநீரகம் பழுதாகி ஒன்றரை வருடம் டயாலிசிஸில் இருந்தவன். எரித்த மறுநாள் சாம்பலைக் கலயத்தில் சேர்த்து, வாயை மஞ்சள் துணியால் கட்டி, வீட்டுக்குப் பின்னால் இருந்த பூவரச மரத்தில் தொங்கவிட்டார்கள். கலயத்தை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. கடல் அடங்கியதும் போய்க் கரைக்கலாம் என்று இருந்தார்கள். டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் வந்தது. சென்னையும் திருவள்ளூர் மாவட்டமும் வெள்ளத்தில் கிடந்தன. வெள்ளம் வடிந்தபோது எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்திருந்தது. வலை, படகு, அலையாத்திச் செடிகளின் வேர் எல்லாம் கருத்துப் போயின. அவனுடைய சித்தப்பா, எழுபதைத் தாண்டிய மனிதர், அப்போதே மறுத்துவிட்டார். "எண்ணெத் தண்ணியிலயா எம்புள்ளய வுடறது? கடலு சுத்தமாவட்டும்." மார்கழி முழுக்கக் கலயம் மரத்திலேயே இருந்தது.

ஆனால் காத்திருந்ததற்குக் கடல் மட்டும் காரணமில்லை. ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் அவன் மகளை அருகே உட்காரவைத்து மூன்று விஷயங்களை எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறான். அவள் தன் கல்லூரி நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்ததைத் தொலைபேசியிலேயே படித்துக் காட்டினாள்.

"ஒண்ணு, பதினாறாம் நாளுக்குக் கடன் வாங்கிச் சோறு போடக் கூடாது. ரெண்டு, சாம்பலப் பழைய வீட்டுக்கு எதிர்ல கடல்ல கரைக்கணும். மூணு, படத்துல இருக்கற ரெண்டு பேரும் சேர்ந்து வரணும். வந்து படத்துல இல்லாதத உங்களுக்குச் சொல்லணும்."

மூன்றாவதன் பின்பாதி எனக்கு அப்போது விளங்கவில்லை. என்ன படம் என்பது மட்டும் விளங்கியது.

1993-இல் பொன்னேரியில் கல்லூரியில் சேர்ந்தோம். நான், அவன், படத்தில் என்னோடு நிற்பவள், மூன்று பேரும் ஒரே வகுப்பு. நான் திருவொற்றியூரில் கும்மிடிப்பூண்டி ரயிலைப் பிடிப்பேன். அவள் மீஞ்சூரில் ஏறுவாள். அவனும் மீஞ்சூரில்தான் ஏறுவான், ஆனால் அதற்கு முன்பே அவனுக்கு அரை நாள் முடிந்திருக்கும். விடியற்காலை அப்பாவோடு கட்டுமரத்தில் போய் வந்து, வலையை உதறிக் காயப்போட்டு, குளித்து, கால்வாயைத் தோணியில் கடந்து, பஸ் பிடித்து ஸ்டேஷனுக்கு வருவான். எவ்வளவு சோப்புப் போட்டாலும் விரலிடுக்கில் மீன் வாசம் நிற்கும். அதற்காக அவன் கூச்சப்பட்டதில்லை. பக்கத்தில் உட்காரத் தயங்குபவர்களைப் பார்த்து அவன்தான் நகர்ந்து இடம் கொடுப்பான்.

காட்டுப்பள்ளியை அப்போது பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கிழக்கே வங்காள விரிகுடா. மேற்கே பக்கிங்காம் கால்வாயும் கொசஸ்தலையாற்றின் உப்பங்கழியும். நடுவில் நீளமாக ஒரு மணல் திட்டு. அதில் பனை, தாழை, சவுக்கு, அங்கங்கே நல்ல தண்ணீர்க் கிணறு. இரண்டு பக்கமும் உப்புத் தண்ணீர் இருக்க, நடு மணலில் ஆறேழு அடி தோண்டினால் இனிக்கும் தண்ணீர். வடக்கே போனால் காளஞ்சி, கருங்காளி, அப்புறம் பழவேற்காடு. தெற்கே அப்போதுதான் வடசென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி புகைய ஆரம்பித்திருந்தது, 1994-இல்.

நானும் அவளும் பேசிக்கொள்ள மீஞ்சூரிலோ பொன்னேரியிலோ இடமில்லை. எங்கே நின்றாலும் அவள் அண்ணனுக்குத் தெரிந்தவர் ஒருவர் அங்கே இருப்பார். இவன்தான் எங்களைத் தன் குப்பத்துக்கு அழைத்துப் போனான். மாதத்துக்கு ஒரு முறை, இரண்டு முறை. அவன் அம்மா எங்களை ஒருநாளும் தனியே விட்டதில்லை. வீட்டுக்கு முன்னால் பூவரச நிழலில் எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, பத்தடி தள்ளி நெத்திலியைப் புடைத்துக்கொண்டு தானும் உட்கார்ந்திருப்பாள். "குந்து கண்ணு. வெயில்ல கருத்துப்புட்டியே" என்று அவளிடம் சொல்வாள். என்னிடம் அதிகம் பேசமாட்டாள். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் என் தட்டில் நண்டின் பெரிய கால் விழும்.

அந்த நிழலுக்கு அவன் ஒரு பெயர் வைத்திருந்தான். அவன் அம்மாவுக்குப் பிறந்த ஊர் பழவேற்காட்டு ஏரிக்கரை. அங்கே ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. இறால் நன்றாகப் படும் இடங்களுக்கு எல்லோரும் ஒரே சமயத்தில் போய் வலை கட்ட முடியாது. கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் போன்ற ஊர்க்காரர்கள் தங்களுக்குள் முறை வைத்துக்கொள்வார்கள். இன்று நல்ல இடம் உனக்கு என்றால் நாளை எனக்கு. வலுத்தவன் எளியவன் என்றில்லை, முறை வந்தால் இடம் அவனுடையது. முறை முடிந்தால் வலையைச் சுருட்டிக்கொண்டு நகர வேண்டும். சர்க்கார் போட்ட சட்டமல்ல, அவர்களே தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் ஒழுங்கு. இதை எங்களுக்கு விளக்கிவிட்டு, பூவரசைக் காட்டி, "இன்னிக்கு இது உங்க பாடு" என்பான். ஊர்ப் பிள்ளைகள் யாராவது அங்கே கோலி விளையாட வந்தால், "டேய், அவுங்க பாடுடா, அப்பால போங்க" என்று விரட்டுவான்.

ஒரு முறை மூன்று பேருமாகப் பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கல்லறைகளைப் பார்க்கப் போனோம். 1613-இல் அவர்கள் அங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். கோட்டை இன்று மண்மேடு. கல்லறைத் தோட்டம் மட்டும் அப்படியே நிற்கிறது. வாசலின் இரு பக்கமும் எலும்புக்கூட்டு உருவம் செதுக்கியிருக்கும். உள்ளே கருங்கல் பலகைகளில் பெயரும் வருடமும் கப்பல் சின்னமும். அவள் ஒவ்வொரு வருடமாகச் சத்தமாகப் படித்துக்கொண்டே போனாள். இவன் குனிந்து ஓர் எழுத்தை விரலால் தடவிப் பார்த்தான். "முந்நூறு வருசமாச்சு, இவன் பேரு இருக்குது. எங்க ஊர்ல செத்தவன் எவன் பேரும் எங்கயும் இல்லயே" என்றான். அன்று அதைக் கேட்டுக்கொண்டு நடந்துவிட்டேன்.

படம் எடுத்தது 1995-இல். என் அத்தை மகனிடம் ஹாட்ஷாட் கேமரா ஒன்றை வாங்கிக்கொண்டு போயிருந்தேன். அவன் அதுவரை கேமராவைக் கையால் தொட்டதில்லை. "நீங்க நில்லுங்க, நான் எடுக்கறேன்" என்று வாங்கிக்கொண்டான். பொன்னேரி ஸ்டுடியோவில் மூன்று பிரதி போட்டோம், ஆளுக்கு ஒன்று. அவளுடையதை அவள் வீட்டில் கிழித்தார்கள். என்னுடையதை என் கல்யாணத்துக்கு முதல் நாள் இரவு நானே அடுப்பில் போட்டேன்.

எங்கள் பிரிவைப் பற்றி நீட்டிச் சொல்ல ஏதுமில்லை. வீட்டில் வந்து பேசு என்று அவள் கேட்டாள். பேசுகிறேன், பேசுகிறேன் என்று எட்டு மாதம் கடத்தினேன். இரண்டு வீட்டுக்கும் சாதி வேறு, அவள் அண்ணன் கோபக்காரர், என் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதெல்லாம் உண்மை. ஆனால் போய் நின்று பேசுவதை இவற்றில் எதுவும் தடுக்கவில்லை. நான் போகவில்லை, அவ்வளவுதான். 1997-இல் அவளுக்குக் கல்யாணமாகி விழுப்புரம் பக்கம் போய்விட்டாள். அதன்பிறகு நாங்கள் பார்த்துக்கொள்ளவே இல்லை. அவன் எங்கள் இருவரோடும் பழக்கத்தை விடாமல் வைத்திருந்தான். தீபாவளிக்கு எனக்கும் போன் செய்வான், அவளுக்கும் செய்வான். ஒருவர் சேதியை இன்னொருவரிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அதற்குள் அந்த மணல் திட்டு வேறு இடமாகிவிட்டது. 2001-இல் எண்ணூர்த் துறைமுகம் வந்தது. 2010-இல் காட்டுப்பள்ளியிலேயே கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, நாளைக்கு 10 கோடி லிட்டர், எல்லாம் சென்னைக்கு. கப்பல் கட்டும் தளத்துக்கும் துறைமுகத்துக்கும் நிலம் எடுத்தபோது கடலோரத்தில் இருந்த குப்பத்தை ஆட்களோடு வேறிடத்துக்கு மாற்றினார்கள். 2013 ஜனவரியில் காட்டுப்பள்ளித் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. அவன் பிறந்த வீடு இருந்த இடம் மதிலுக்கு உள்ளே போய்விட்டது. புதிய இடத்தில் அவனுக்குக் காங்கிரீட் வீடு. கடலுக்கு நடக்கிற தூரம் கூடியது. கடலும் மாறியது என்று அவன் சித்தப்பா சொல்வார். இந்தக் கரையில் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். நடுவில் கடலுக்குள் கல் கொட்டி நீட்டினால் தெற்குப் பக்கம் மணல் சேர்ந்துவிடும், வடக்குப் பக்கத்துக்கு வர வேண்டிய மணல் வராது. மணல் வராத கரையை அலை தின்னும். படிக்காத மனிதர், கையால் மணலில் கோடு போட்டு இதை எனக்கு விளக்கியிருக்கிறார்.

பிறகு விரிவாக்கத் திட்டம் வந்தது. 330 ஏக்கர் துறைமுகத்தை 6,111 ஏக்கராக்குவது. மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தை 2021 ஜனவரி 22 என்று அறிவித்துத் தள்ளிவைத்தார்கள். மறுபடி 2023 செப்டம்பர் 5 என்று அறிவித்து அதையும் தள்ளிவைத்தார்கள். செப்டம்பர் கூட்டத்தில் பேசுவதற்கு அவன் தயாராகியிருந்தான். டயாலிசிஸ் நாள் போக மீதி நாளில் மீஞ்சூருக்குப் போய் ஒரு படத்தைப் பெரிதாக்கி லேமினேட் செய்துகொண்டு வந்திருக்கிறான். எந்தப் படம் என்பதை நான் அங்கே போய்த்தான் அறிந்தேன்.

என் மனைவியிடம் இருபத்தைந்து வருடத்தில் முதல் முறையாக எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். "கலயத்துக்குப் போட ரெண்டு முழம் பூ வாங்கிட்டுப் போங்க" என்றாள்.

ஜனவரி கடைசி சனிக்கிழமை மாலை மீஞ்சூர் ஸ்டேஷனில் அவனுடைய பையன் ஆட்டோவோடு நின்றான். பதினான்கு வயது, மொட்டை அடித்த தலையில் மயிர் அரும்பியிருந்தது. அவள் முன்னமே வந்து பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. பள்ளிக்கூட டீச்சர்கள் வைத்திருக்கும் பெரிய தோள்பை. என்னைப் பார்த்து எழுந்தாள்.

அடுத்த ஒரு மணி நேரம் நாங்கள் பேசியதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கனக்கிறது. 'நீ' என்பதா, 'நீங்க' என்பதா? இரண்டுமே வரவில்லை. "எப்ப கெளம்பினது?" என்றாள். "மூணு மணிக்கு" என்றேன். "சாப்பாடு?" என்றேன். "ஆச்சு, ரயில்லயே" என்றாள். "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" "சௌக்கியம். அங்க?" ஆளைச் சொல்லாமலே எத்தனை வாக்கியம் பேச முடியுமோ அத்தனையும் பேசினோம். சாலையில் கன்டெய்னர் லாரிகள் வால் பிடித்து நின்றன. ஆட்டோ அவற்றின் இடுக்கில் நுழைந்து நுழைந்து போயிற்று. ஒரு வளைவில் அவள் தலையை நீட்டிப் பார்த்து, "தோணித்துறை இங்கதான?" என்றாள். அங்கே பாலமும் குழாய்களும் இருந்தன.

வீட்டு வாசலில் அவன் மனைவி எங்களைக் கண்டதும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். மகள் உள்ளேயிருந்து ஓடிவந்தாள். "வாங்க பெரியப்பா, வாங்க பெரியம்மா."

நாங்கள் இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்தோம். அவன் மனைவிக்கு முகம் சுண்டிவிட்டது. "தப்பா நெனைக்காதீங்கண்ணா. படத்தக் காட்டி அவரு அப்பிடித்தான் புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்தாரு. சின்னதுலேருந்து அதே வாயில வந்துடுச்சு. மாத்திச் சொல்லச் சொல்றேன்" என்றாள். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இருக்கட்டும்மா, மாத்த வேணாம்" என்றாள்.

படம் சுவரில் இருந்தது. அவனுடைய மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில், அதைவிடப் பெரிதாக.

நான் அதை முப்பது வருடமாக எங்கள் இருவரின் படம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டில் அது வீட்டின் படம். காட்டுப்பள்ளிக் குப்பத்தில் அவர்கள் குடியிருந்த வீட்டுக்கு இருக்கும் ஒரே படம். கேமரா வைத்திருந்த உறவினர் அந்த ஊரில் யாருக்கும் இல்லை. பெரிதாக்கியதில் எங்கள் முகம் கலங்கிப் போயிருந்தது. பனையோலைக் கூரை தெளிவாக இருந்தது. குனிந்து நுழையும் வாசல், சுண்ணாம்பு அடித்த மண்சுவர், கூரையோரம் மூங்கிலில் தொங்கும் வலை, அதன் மிதவைகள். இடது ஓரத்தில் ஒரு கை, மணிக்கட்டு வரை. கண்ணாடி வளையல் போட்ட கை. முறத்தின் விளிம்பைப் பிடித்திருந்தது.

"இது எங்க ஆயா கை" என்று மகள் விரலை வைத்துக் காட்டினாள். அவன் அம்மா 2006-இல் இறந்துவிட்டாள். அவளுக்கும் வேறு படம் கிடையாது.

கருத்துக் கேட்பில் காட்டத்தான் அதைப் பெரிதாக்கினான். அவன் மனைவி அன்றிரவு அவன் சொன்னதைச் சொன்னாள்: "இங்க ஒரு ஊரு இருந்துச்சுன்னு நாம சொன்னா, ஏதோ காசு கேக்கறான்னு நெனப்பாங்க. வெளியாளு ரெண்டு பேரு நம்ம வூட்டு வாசல்ல நிக்கறாங்க பாரு. அதான் சாட்சி." கூட்டம் நடக்கவில்லை. படம் சுவருக்கு வந்தது.

ஞாயிறு விடியுமுன் படகை இறக்கினார்கள். வாடைக்காற்று அடித்தாலும் கடல் அவ்வளவு முரட்டுத்தனமாக இல்லை. மகளும் வருவேன் என்றாள். பெண்கள் படகில் ஏறுவதைப் பற்றிக் கரையில் ஒருவர் ஏதோ முணுமுணுத்தார். சித்தப்பா, "அவ அப்பன அவ கரைக்காம யாரு கரைப்பா? ஏறு யம்மா" என்று கை கொடுத்து ஏற்றினார். பிறகு அவளுக்கும் கை கொடுத்தார். ஃபைபர் படகு அலையைத் தாண்டும்போது மூக்கு உயர்ந்து தண்ணீரில் அறைந்தது. பையன் கலயத்தை மடியில் அணைத்துக்கொண்டிருந்தான்.

துறைமுக எல்லைக்குள் படகு போகக் கூடாது. கருங்கல் தடுப்புக்கு வெளியே, கிழக்கே விலகித் தெற்கு நோக்கிப் போனோம். கிரேன்களின் விளக்குகள் இன்னும் அணையவில்லை. சித்தப்பா எங்களைப் பார்த்து, "எடத்தச் சொல்லுங்க" என்றார்.

மீனவர்கள் நடுக்கடலில் இடம் கண்டுபிடிக்கும் வழி எனக்குத் தெரியும், அவன்தான் கற்றுக் கொடுத்தான். கரையில் ஒன்றின் பின் ஒன்றாக இரண்டு அடையாளங்களை ஒரே கோட்டில் வைக்க வேண்டும். வேறொரு திசையில் இன்னும் இரண்டு. இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடம்தான் அந்த இடம். ஆனால் என் அடையாளங்கள் பனைமரங்கள். வீட்டுக்குப் பின்னால் இருந்த இரட்டைப் பனை. அது இருந்த இடத்தில் இப்போது கன்டெய்னர்கள் மாடி மாடியாக அடுக்கியிருந்தன. நான் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள்தான் சொன்னாள். "வாசல்ல நின்னு கடலப் பார்த்தா, சோத்துக்கை பக்கம் புகைபோக்கி. கதவு நிலைக்கும் புகைபோக்கிக்கும் நடுவுல ஒரு அகலம் இருக்கும். அம்மா மொறத்த ஆட்டற அகலம்." கையை நீட்டி விரல்களை விரித்துக் காட்டினாள். தெற்கே புகைபோக்கிகள் இப்போது கூடியிருந்தன. எது பழையது என்று அவள் தேடிக்கொண்டிருந்தபோதே எஞ்சின் சத்தம் நின்றது. சித்தப்பா முன்னமே நிறுத்திவிட்டிருந்தார். அவர் பிறந்த ஊர் அவருக்குத் தெரியாதா. எங்கள் வாயால் கேட்கும்வரை பொறுத்திருந்தார்.

பையன் கலயத்தைக் கவிழ்த்தான். சாம்பல் தண்ணீரில் விழுந்ததும் ஒரு கணம் வெள்ளையாகப் படர்ந்து, படகின் ஓரமாக வடக்கே நகர்ந்தது. பால் ஊற்றினார்கள். நான் கொண்டுபோன பூவை மகள் உதிர்த்துப் போட்டாள். சித்தப்பா மடியிலிருந்து பழைய நூல்வலைத் துண்டு ஒன்றை எடுத்துக் கூடவே விட்டார். அது அவன் முதன்முதலில் பின்னியதாம். கலயம் குமிழ் விட்டுக்கொண்டே அமிழ்ந்தது. யாரும் அழவில்லை. திரும்பும் வழியில்தான் பையன் சித்தப்பாவின் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

கரைக்கு வந்து, ஈர மணலில், அவர்கள் படகை இழுத்து ஏற்றும் வரை நாங்கள் ஒதுங்கி நின்றோம். அவள் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அவன் எங்க வீட்டுக்கு வந்து பேசினான். 96 கடைசியில. ஒங்கிட்ட அவன் சொல்லவே இல்லயா?"

இல்லை என்று தலையசைத்தேன். குரல் வரவில்லை.

"ஒரு பெரிய கொடுவாவ ஓலைல சுத்தி எடுத்துட்டு வந்தான். எங்கண்ணன் உள்ள கூப்பிடல. வாசல்லயே நிக்க வெச்சுப் பேசினாரு. என்னென்னவோ பேசினாரு, சாதியச் சொல்லி. அவன் கடைசி வரைக்கும் நின்னு, 'அவன் நல்ல பையன் சார், அவனுக்குப் பயம், அதான் நான் வந்தேன்'னு ஒரே பேச்சத் திரும்பத் திரும்பச் சொன்னான். மீனத் தூக்கிட்டுப் போன்னு சொன்னாங்க. 'இது எங்கம்மா குடுத்தனுப்பினது, வெச்சுக்கங்க'ன்னு திண்ணையில வெச்சுட்டுப் போனான். எங்கம்மா அன்னிக்கு அந்த மீனக் கொழம்பு வெச்சாங்க. எல்லாரும் சாப்பிட்டாங்க. நான் சாப்பிடல."

அவன் அந்த வாரமும் என்னோடு ரயிலில் வந்திருப்பான். பக்கத்தில் உட்கார்ந்து பேசியிருப்பான். அதன்பிறகு இருபத்தேழு வருடம் பேசியிருக்கிறான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு ஊர்க் கதையெல்லாம் சொன்னவன் இதைச் சொல்லவில்லை. நான் அவளிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு ஒன்று இருந்தது. அன்று அந்த மணலில் நின்று கேட்டேன். அவனிடம் கேட்க வேண்டியது எவ்வளவு பெரியது என்று தெரிந்தபோது அவன் தண்ணீரில் கரைந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அவள் என் மன்னிப்புக்குப் பதில் ஒன்றும் சொல்லவில்லை. "வா, புள்ளைங்க காத்துட்டிருக்கும்" என்றாள்.

மதியம் மடவை மீன் குழம்பு. சாப்பிட்டு முடித்ததும் மகள் நோட்டோடு வந்து படத்துக்குக் கீழே உட்கார்ந்தாள். "இப்ப சொல்லுங்க, படத்துல இல்லாதத" என்றாள். பையனும் வந்து உட்கார்ந்தான்.

நான் வலது பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். வலை தொங்கும் மூங்கிலுக்கு அப்பால் கிணறு, அதன் வாயில் பனந்தடி, அங்கே ஒரு சேவல் எப்போதும் நிற்கும். அவள் இடது பக்கத்தைச் சொன்னாள். ஆயா உட்காரும் இடம், கருவாடு காயும் மணல், நாங்கள் உட்காரும் பூவரசு. மகள் எழுதிக்கொண்டே வந்தவள் பேனாவை நிறுத்தினாள்.

"முன்னாடி?"

"முன்னாடி கடல். கட்டுமரம் ரெண்டு ஏத்திவெச்சிருந்துச்சு" என்றேன்.

"இல்ல பெரியப்பா. முன்னாடி அப்பா இருந்தார்ல?"

அப்போதுதான் அவன் கேட்டது என்னவென்று புரிந்தது. அவளும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவனுக்கு இளவயதுப் படம் ஒன்றுகூட அந்த வீட்டில் இல்லை. கல்லூரியில் குழுப்படம் எடுத்த நாள் அவன் கடலில் இருந்தான். அடையாள அட்டையும் ஹால் டிக்கெட்டும் வீடு மாற்றியபோது மழையில் ஊறிப் போயின. இருபது வயதில் தங்கள் அப்பா எப்படி இருந்தார் என்று இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. அந்த ஒரு நாளில், அந்த ஒரு நிமிடத்தில், அவனைக் கண்ணுக்கு நேரே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். அவர்கள் படத்தில் நிற்கிறார்கள்.

"ஒல்லியா இருப்பான். ஒன்ன மாதிரியே நெத்தி" என்று பையனைப் பார்த்துச் சொன்னாள். "முழுக்கைச் சட்டைய முட்டி வரைக்கும் சுருட்டி விட்டிருந்தான். நீலக் கட்டம் போட்ட லுங்கி."

"லுங்கி இல்ல. என்னோட காப்பிக்கலர் பேன்ட். அன்னிக்கு கேட்டு வாங்கிப் போட்டிருந்தான், இடுப்புல நிக்காம கயிறு கட்டியிருந்தான்" என்றேன்.

"லுங்கிதான். மண்ணுல முட்டி போட்டான், எழுந்திரிச்சப்ப லுங்கில மண்ணு ஒட்டியிருந்துச்சு, தட்டிவிட்டான்."

"பேன்ட்லயும் மண்ணு ஒட்டும்."

மகள் இரண்டையும் எழுதிக்கொண்டாள். "எவ்ளோ நேரம் எடுத்தாரு?"

"ரொம்ப நேரம். மொதல்ல கேமராவத் தலகீழாப் பிடிச்சான். அப்பறம் ஒரு கண்ண மூடத் தெரியாம ரெண்டு கண்ணயும் மூடினான். ஒங்க ஆயா அங்கேருந்து கத்தினாங்க, 'ஒரு கண்ண மூட்றா நைனா'ன்னு."

"அப்பா சிரிச்சாரா?"

"சிரிச்சான்" என்றேன் நான். "இல்ல" என்றாள் அவள், அதே நேரத்தில்.

"எடுக்கறப்ப சிரிக்கல" என்றாள். "கை ஆடிடும்னு மூச்சப் பிடிச்சுட்டு இருந்தான். ஒதட்டக் கடிச்சுட்டு, மொகமெல்லாம் வேர்த்து. க்ளிக்குனு சத்தம் கேட்டதுக்கு அப்பறம்தான் மூச்ச விட்டான். அப்பறம்தான் சிரிச்சான்."

ஆமாம். அப்படித்தான். அவள் சொல்லச் சொல்ல எனக்கும் அவன் முகம் வந்துவிட்டது. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கேமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இருபது வயது.

"சிரிச்சுட்டு ஒண்ணு சொன்னான்" என்றேன். "'அம்மா கையும் வுழுந்துச்சு போல'ன்னு சொன்னான்."

மகள் எழுந்து போய்ச் சுவரில் அந்த வளையல் கையைத் தொட்டாள்.

"'அப்ப இன்னொண்ணு எடுடா, அம்மாவ முழுசா வெச்சு'ன்னு நீ சொன்ன" என்றாள் அவள் என்னிடம். "திருகிப் பார்த்தான். ஃபிலிம் தீந்து போச்சு."